வீட்டில் டிஜிட்டல் பியானோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஜிட்டல் பியானோ வாங்கப் போகிறவர்களும் வாங்கி வைத்திருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். முதலில் வாங்குவது, வைப்பது பற்றிய கேள்விகள். போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

1. கீபோர்டும் டிஜிட்டல் பியானோவும் ஒண்ணுதானே? எதுக்கு இவ்வளவு விலை வித்தியாசம்?

வித்தியாசம் கீயின் அடியில் இருக்கிறது. கீபோர்டில் அழுத்திய கீயைத் திரும்ப மேலே தள்ளுவது ஒரு சின்ன ஸ்பிரிங். டிஜிட்டல் பியானோவில் ஒவ்வொரு கீயோடும் ஒரு சுத்தியல் எடை இணைந்திருக்கும். கீயை அழுத்தினால் அந்த எடை எழும்பும். விட்டால் அதன் கனமே கீயை மேலே கொண்டுவரும். கம்பி போட்ட பியானோவில் இடக்கைப் பக்கம் சுத்தியல் கனமாகவும் வலக்கைப் பக்கம் லேசாகவும் இருக்குமல்லவா, நல்ல டிஜிட்டல் பியானோவில் அந்த ஏற்ற இறக்கமும் உண்டு. விலையில் பெரும்பகுதி இந்த இயந்திர அமைப்புக்குத்தான் போகிறது.

பெட்டியில் 'ஹேமர் ஆக்‌ஷன்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். யமஹாவில் ஜிஎச்எஸ், ஜிஎச்சி என்றும் ரோலண்டில் பிஎச்ஏ-4 என்றும் போட்டிருப்பது இதைத்தான். 'டச் ரெஸ்பான்ஸ்' என்றால் அழுத்தும் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் என்று மட்டுமே பொருள், சுத்தியல் இருக்காது. 'செமி வெயிட்டட்' என்பதும் ஸ்பிரிங்தான், சற்று இறுக்கமானது.

2. 61 கீ போதாதா? குழந்தை இப்பத்தான் ஆரம்பிக்கிறாள்.

முழு பியானோவில் 88 கீ: வெள்ளை 52, கறுப்பு 36. 61 கீ என்றால் ஐந்து ஸ்தாயி. முதல் ஒன்றிரண்டு வருடம் வாசிக்கும் பாடங்கள் அதற்குள் அடங்கிவிடும். ஆகவே எண்ணிக்கை மட்டும் பிரச்சினை என்றால் 61 போதும் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் 61 கீ உள்ளவற்றில் மிகப் பெரும்பாலானவை ஸ்பிரிங் கீ. விரல் அதில் பழகிவிட்டால் பிறகு கனமான கீயில் கை தடுமாறும். பிள்ளை தொடருவாளா என்று சந்தேகமிருந்தால் ஆறு மாதம் இரவல் கீபோர்டில் ஓட்டிவிட்டு, நேராக 88 கீ ஹேமர் ஆக்‌ஷனுக்குப் போவது நல்லது. நடுவில் ஒரு 61, பிறகு ஒரு 76 என்று படிப்படியாக வாங்குவதில் பணம்தான் வீண்.

3. கனமான கீ சின்னப் பிள்ளைக்கு விரல் வலிக்காதா?

ஒரு கீயை மெதுவாக இறக்க ஏறத்தாழ 50 கிராம் எடை போதும். ஐந்து வயதுக் குழந்தையாலும் முடியும். வலி வந்தால் பெரும்பாலும் காரணம் கனமல்ல, உயரம் (கேள்வி 6) அல்லது சத்தத்தைக் குறைத்து வைத்திருப்பது. வால்யூம் கம்மியாக இருந்தால் சத்தம் கேட்பதற்காகப் பிள்ளைகள் கீயைக் குத்துவார்கள். சாதாரணமாக அழுத்தினால் பேச்சுக்குரல் அளவுக்குக் கேட்கிற மாதிரி வால்யூமை வைத்துவிட்டு, மெல்ல வாசிப்பதையும் ஓங்கி வாசிப்பதையும் விரலிடம் விட்டுவிடுங்கள்.

4. இதே விலையில 400 சத்தம், 100 ரிதம் இருக்கிற மாடல் கிடைக்குதே, அது லாபம் இல்லையா?

மேடையில் சினிமாப் பாட்டு வாசிக்கிறவருக்கு லாபம். பியானோ பழகுகிறவருக்கு அந்த 400-ல் மூன்று நான்குதான் பயன்படும். யமஹா பி-45-இல் மொத்தமே 10 சத்தம். அதே பணத்தில் 400 சத்தம் கொடுக்க வேண்டுமென்றால் கீயிலும் ஸ்பீக்கரிலும்தான் கை வைப்பார்கள். கடையில் உட்கார்ந்து ஒரே கீயை மிக மெதுவாக, பிறகு ஓங்கி என்று பத்து முறை அழுத்திப் பாருங்கள். சத்தம் படிப்படியாக வளர்ந்தால் வாங்கலாம்; இரண்டு மூன்று படியாகத் தாவினால் வேண்டாம். சென்னையில் இருப்பவர்கள் 1842-இல் தொடங்கிய அண்ணா சாலை மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் பல மாடல்களை அடுத்தடுத்து வாசித்துப் பார்ப்பது, இணையத்தில் பத்து விமர்சனம் படிப்பதைவிடப் பயன் தரும்.

5. டீச்சர் 'கிரேடு எக்ஸாம்' எழுத வைக்கிறேன்னு சொல்றாங்க. எது வாங்கணும்?

முதலில் டீச்சரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: பியானோ கிரேடா, கீபோர்டு கிரேடா? டிரினிட்டி காலேஜ் லண்டனில் பியானோவும் எலெக்ட்ரானிக் கீபோர்டும் இரண்டு தனித்தனிப் பாடத்திட்டங்கள். கீபோர்டு கிரேடில் ஆட்டோ அக்கம்பனிமென்ட் (கருவியே கூடச் சேர்ந்து பின்னணி வாசிப்பது), ரிதம், சத்தம் மாற்றுவது எல்லாம் தேர்வின் பகுதி. ரிதம் இல்லாத டிஜிட்டல் பியானோவை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. பியானோ கிரேடுக்கு நேர்மாறு: அங்கே ரிதத்துக்கு வேலையே இல்லை, கீயின் கனமும் பெடலும்தான் முக்கியம்.

இதைக் கேட்காமல் வாங்கிவிட்டு மாட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். இன்னொரு தேர்வு அமைப்பான ஏபிஆர்எஸ்எம்-இன் பியானோ கிரேடு என்றாலும் பியானோவுக்குச் சொன்னதே பொருந்தும். வீட்டிலிருந்தே வீடியோ பதிவு செய்து அனுப்பும் தேர்வு என்றால் எந்தக் கருவியை ஏற்கிறார்கள் என்பது அந்த ஆண்டுப் பாடத்திட்டத்தில் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள்.

6. டைனிங் டேபிள் மேல வச்சு வாசிக்கலாமா?

வேண்டாம். டைனிங் டேபிள் தரையிலிருந்து ஏறத்தாழ 75 செ.மீ. அதன்மேல் 15 செ.மீ. உயரமுள்ள பியானோவை வைத்தால் கீ கிட்டத்தட்ட 90 செ.மீ. உயரத்துக்குப் போய்விடும். தோளைத் தூக்கித்தான் வாசிக்க வேண்டியிருக்கும். அரை மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கும். வெள்ளைக் கீயின் மேல்பரப்பு தரையிலிருந்து 72 முதல் 75 செ.மீ.க்குள் இருக்க வேண்டும். உட்கார்ந்து முழங்கையை மடக்கினால் முன்கை தரைக்கு இணையாக, கீயின் உயரத்திலேயே இருக்க வேண்டும். குழந்தை என்றால் நாற்காலியை உயர்த்துங்கள், பியானோவைத் தாழ்த்தாதீர்கள். கால் தொங்கினால் கீழே ஒரு மணைப் பலகை.

ஒற்றைக் குழாய் எக்ஸ் ஸ்டாண்ட் 61 கீ கீபோர்டுக்குச் சரி. 11, 12 கிலோ பியானோவை அதில் வைத்து இரண்டு கையாலும் ஓங்கி வாசித்தால் ஆடும், முழங்காலும் இடிக்கும். மர ஸ்டாண்டோ இசட் வடிவ இரும்பு ஸ்டாண்டோ நல்லது. இடத்தை அளக்கும்போது நீளத்துக்கு 135 செ.மீ. ஒதுக்குங்கள், ஒயருக்குப் பின்னால் 10 செ.மீ.

7. பெடல் கட்டாயமா? கூட வந்த சின்ன டப்பா பெடல் தரையில ஓடிக்கிட்டே இருக்கு.

கீயை விட்ட பிறகும் சத்தத்தை நீடிக்க வைப்பதுதான் இந்தப் பெடலின் வேலை. முதல் சில மாதம் தேவையில்லை. பிறகு கட்டாயம். கூட வரும் பிளாஸ்டிக் பெடல் வெறும் சுவிட்ச். உலோகப் பட்டை போட்ட, அடியில் ரப்பர் உள்ள கனமான பெடலை வாங்கிக்கொண்டால் வழுக்கல் போகும். அதுவரை பெடலின் அடியில் வழுக்காத ரப்பர் மேட்டைப் போட்டு, அதன் ஒரு முனை உங்கள் குதிகாலுக்கு அடியில் வருகிற மாதிரி வையுங்கள். காலின் எடையே மேட்டைப் பிடித்துக்கொள்ளும்.

பெடலைப் பாதி அழுத்தினால் பாதி நீடிக்கும் 'ஹாஃப் பெடல்' வசதிக்குப் பெடலும் பியானோவும் இரண்டுமே அதை ஏற்க வேண்டும். யமஹா பி-45-இல் எஃப்சி-3ஏ பெடலைப் போட்டால் அது வேலை செய்யும், கூட வரும் பெடலில் செய்யாது. மூன்று பெடல் உள்ள அமைப்பு வேண்டுமென்றால் வாங்கும் முன்பே பாருங்கள். எல்லா மாடலிலும் அதற்கான இணைப்பு கிடையாது, பி-45-இலும் இல்லை.

8. பெடல் தலைகீழா வேலை செய்யுது. அழுத்தினா நிக்குது, விட்டா இழுக்குது!

பெடல் கெடவில்லை. சில கம்பெனிப் பெடல்கள் அழுத்தாதபோது மின்சுற்று மூடியிருக்கும், சிலவற்றில் திறந்திருக்கும். பியானோவை அணையுங்கள், பெடலைச் செருகுங்கள், காலை எடுத்துவிட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள். பல பியானோக்கள் ஆன் ஆகும் நொடியில் பெடல் இருக்கும் நிலையைத்தான் 'அழுத்தாத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். அப்படியும் மாறவில்லை என்றால் பெடலின் அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள், தள்ளினால் சரியாகிவிடும்.

9. ஹெட்போன் போட்டுத்தான் வாசிக்கிறான், ஆனாலும் கீழ் வீட்டுக்காரர் சத்தம்னு சொல்றாரே?

அவர் சொல்வது உண்மை. பியானோவை அணைத்துவிட்டு ஓங்கி வாசித்துப் பாருங்கள்: 'டொக் டொக்' என்று கீ தட்டும் சத்தம் கேட்கும். அது ஸ்டாண்டின் கால் வழியாகக் கான்கிரீட் தளத்தில் இறங்கி, கீழ் வீட்டில் சீலிங்கைத் தட்டுகிற மாதிரி கேட்கும். ஸ்டாண்டின் ஒவ்வொரு காலுக்கு அடியிலும் இரண்டு மூன்று அடுக்கு கனமான ரப்பரை வையுங்கள். ஜிம் தரைக்குப் போடுவது, 10 மி.மீ. இருந்தால் நல்லது. பெடலுக்கு அடியிலும் ஒன்று. மெல்லிய கம்பளம் இதற்குப் பயன்படாது. இரவு பத்து மணிக்கு மேல் வாசிக்கிற வீடு என்றால் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

ஹெட்போன் துளை பல மாடல்களில் தடிமனான 6.35 மி.மீ. அளவு. சின்ன பின்னுக்குக் கட்டையான கன்வெர்ட்டரைச் செருகினால் அது வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். யாராவது இடித்தால் துளையின் உள்ளே இருக்கும் சாலிடர் விட்டுவிடும். ஒயர் உள்ள கன்வெர்ட்டரே பாதுகாப்பு.

10. கரண்ட் போனா என்ன? இன்வெர்ட்டர்ல போடலாமா?

தாராளமாக. பி-45 எடுப்பது 6 வாட்தான். கேசியோ சிடிபி-எஸ் வரிசையில் ஆறு டபுள்-ஏ பேட்டரி போட்டும் வாசிக்கலாம்.

கவலைப்பட வேண்டியது கரண்ட் திரும்பி வரும்போது ஏற்படும் துள்ளலுக்கு. இடி மின்னல் நேரத்திலும், வெளியூர் போகும்போதும் அடாப்டரைப் பிளக்கிலிருந்தே கழற்றிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

11. அடாப்டர் தொலைஞ்சு போச்சு. வைஃபை ரூட்டர் அடாப்டர் பின் பொருந்துது, போடலாமா?

பின் பொருந்துவது ஒரு தகுதியே இல்லை. மூன்றைப் பாருங்கள். வோல்ட் சரிசமமாக இருக்க வேண்டும்: 12 என்றால் 12. ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது, பியானோ 1.5 கேட்டால் 1 ஆம்பியர் ரூட்டர் அடாப்டரில் ஓங்கி வாசிக்கும்போது அணைந்துபோகும். மூன்றாவது துருவம்: இரண்டிலும் ஒரு வட்டப்படம் அச்சிட்டிருக்கும், நடுப்புள்ளி பிளஸ்ஸா மைனஸா என்று காட்டும். அது மாறினால் உள்ளே போர்டு போய்விடும். பழைய கேசியோ 9 வோல்ட் கீபோர்டுகளில் நடுவில் மைனஸ். இன்று கிடைக்கும் பெரும்பாலான 12 வோல்ட் அடாப்டர்களில் நடுவில் பிளஸ். வீட்டில் இரண்டும் இருந்தால் அடாப்டரிலேயே மார்க்கரால் பெயர் எழுதி வையுங்கள்.

12. வாசிச்சிட்டு இருக்கும்போதே, இல்ல டீ குடிச்சிட்டு வந்தா, தானா ஆஃப் ஆயிடுது.

இரண்டும் வேறு வேறு. டீ குடித்து வந்தால் அணைந்திருக்கிறது என்றால் அது மின்சாரம் மிச்சப்படுத்தும் வசதி. யமஹாவில் 30 நிமிடம் சும்மா இருந்தால் அணையும். வேண்டாம் என்றால் இடது ஓரத்துக் கடைசிக் கீயை அழுத்திக்கொண்டே ஆன் செய்யுங்கள். மற்ற கம்பெனிகளில் மெனுவில் இருக்கும். வாசிக்கும்போதே அணைந்தால் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள் (கேள்வி 11), அல்லது பின் நுழையும் துளை தளர்ந்திருக்கிறதா என்று லேசாக ஆட்டிப் பாருங்கள்.

13. வருஷத்துக்கு ஒரு தரம் டியூன் பண்ணணுமா?

தேவையில்லை. கம்பி இல்லை, தளர எதுவும் இல்லை. நடு ஏ எப்போதும் 440 ஹெர்ட்ஸ். ஆனால் திடீரென்று எல்லாமே அரை ஸ்வரம் ஏறி ஒலித்தால் யாரோ டிரான்ஸ்போஸை, அதாவது எல்லாக் கீயின் சுருதியையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் வசதியை, தொட்டிருக்கிறார்கள். எதைத் தொட்டார்கள் என்று தெரியாவிட்டால் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். யமஹா பி-45-இல் வலது ஓரத்துக் கடைசிக் கீயை அழுத்திக்கொண்டு ஆன் செய்வது. கையேட்டில் அந்தக் கீயை 'சி-7' என்று எழுதியிருப்பார்கள், மற்ற புத்தகங்களில் அது 'சி-8'. யமஹா ஸ்தாயியை ஒன்று குறைத்து எண்ணும், குழம்ப வேண்டாம்.

14. நான் 5 கட்டையில பாடறவ. சி-யில வாசிச்சா 5 கட்டை வர மாதிரி செய்ய முடியுமா?

முடியும், டிரான்ஸ்போஸ் அதற்குத்தான். சி என்பது 1 கட்டை. அங்கிருந்து: 1½ கட்டைக்கு +1, 2-க்கு +2, 2½-க்கு +3, 3-க்கு +4, 4-க்கு +5, 4½-க்கு +6. இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கீ இல்லாததால் 3½ கிடையாது.

5 கட்டை ஜி, அதாவது +7. ஆனால் பல பியானோக்களில் டிரான்ஸ்போஸ் −6 முதல் +6 வரைதான் போகும். ஆகவே கீழ்ப்பக்கமாக வாருங்கள்: 5 கட்டைக்கு −5, 5½-க்கு −4, 6-க்கு −3, 6½-க்கு −2, 7-க்கு −1. சத்தம் ஒரு ஸ்தாயி கீழே விழும். கையை ஒரு ஸ்தாயி வலது பக்கம் நகர்த்தி வாசித்தால் உங்கள் ஆதார ஷட்ஜம் சரியாக வந்துவிடும். முடித்ததும் சுழிக்குக் கொண்டுவர மறக்காதீர்கள், அடுத்து உட்காரும் பிள்ளை குழம்பும்.

15. அப்போ இதுல கர்நாடக சங்கீதம் வாசிக்கலாமா?

வரிசைகள், அலங்காரம், கீதம், நோட்டுஸ்வரம் வரை நன்றாகவே வாசிக்கலாம். மாயாமாளவகௌளை சரளி வரிசை சி-யிலிருந்து: சி, அதன் கறுப்பு, இ, எஃப், ஜி, அதன் கறுப்பு, பி, மேல் சி. ஆரம்பநிலை மாணவர் ஸ்வரஸ்தானங்களைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி குறைவு.

கமகத்துக்கு வந்தால் கதவு மூடிவிடும். கீயை அழுத்திய பிறகு ஸ்வரத்தை அசைக்க முடியாது. தோடி காந்தாரத்தை இரண்டு கீக்கு நடுவே வேகமாகத் தட்டி ஒப்பேற்றினால் தோடி மாதிரி இருக்கும், தோடியாக இருக்காது. பிட்ச் பெண்ட் சக்கரம் உள்ள கீபோர்டில் இதைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலான டிஜிட்டல் பியானோக்களில் அந்தச் சக்கரமே இல்லை.

இன்னொன்று, காது கூர்மையானவர்கள் கேட்பது: தம்பூராவோடு வாசித்தால் அந்தர காந்தாரம் ஏன் லேசாக ஏறி நிற்கிறது? பியானோ ஒரு ஸ்தாயியை 12 சமபாகமாக, ஒவ்வொன்றும் 100 சென்ட்டாகப் பிரிக்கிறது. அதன்படி காந்தாரம் 400 சென்ட். தம்பூரா நாதத்தில் இயல்பாகக் கேட்கும் காந்தாரம் 386. அந்த 14 சென்ட்தான் நெருடுகிறது. பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், யாருக்கும் தெரியாது.

16. கீ மேல ஸ்வரம் எழுதின ஸ்டிக்கர் ஒட்டலாமா? ஒட்டினது இப்ப பிசின் பிடிச்சிருக்கு.

ஒட்டாதீர்கள். கீக்குப் பின்னால் செருகி வைக்கும் சிலிக்கான் பட்டை கிடைக்கிறது, அதுவும் இரண்டு மாதத்துக்கு மேல் வேண்டாம்; கண் கீழேயே நிற்கும். பிசின் போகப் பஞ்சில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் எடுத்துத் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். நெயில்பாலிஷ் ரிமூவர், தின்னர், பெட்ரோல் எதுவும் கீ மேல் படக் கூடாது; பிளாஸ்டிக் வெளுக்கும், விரிசல் விடும்.

வழக்கமான சுத்தத்துக்கும் அதே ஈரத்துணிதான். கீயின் நீளவாக்கில், உங்களை நோக்கித் துடையுங்கள். குறுக்கே துடைத்தால் அழுக்கு கீ இடுக்கில் இறங்கும்.

17. பீச் பக்கத்துல வீடு. உப்புக்காத்து, எறும்பு, பல்லி... என்ன பாதுகாப்பு?

திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி இடங்களில் ஜன்னலோரம் வைக்கவே வைக்காதீர்கள். உப்பு ஈரம் முதலில் தாக்குவது ஹெட்போன், பெடல் துளைகளின் உலோகத்தையும் வால்யூம் குமிழையும். குமிழைத் திருப்பினால் கரகரவென்று கேட்பது அதன் அறிகுறி. மாதம் ஒரு முறை முழுக்க இப்படியும் அப்படியும் இருபது தடவை திருப்பினால் ஆரம்பநிலைக் கரகரப்பு போய்விடும். எல்லாவற்றையும்விட, தினம் வாசிப்பதே நல்ல பராமரிப்பு. மூடியே கிடக்கும் பியானோதான் சீக்கிரம் கெடுகிறது.

மூடுவதற்குப் பருத்தித் துணி போதும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும். பியானோ மேல் காபி டம்ளர், பிஸ்கட் தட்டு வேண்டாம். எறும்பு வருவது அதற்குத்தான். ஸ்பீக்கர் துளை வழியாகப் பல்லி நுழைந்து போர்டில் பட்டு ஷார்ட் ஆகும் வீடுகள் உண்டு, ஆகவே துணி பின்பக்கம் தரை நோக்கித் தொங்கட்டும். ரசகற்பூர உருண்டையை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள்; அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

18. லேப்டாப்ல கனெக்ட் பண்ணினா சத்தமே வரல.

பின்பக்கம் இருக்கும் சதுர யூஎஸ்பி துளையில் (பிரிண்டருக்குப் போடும் அதே ஒயர்) பெரும்பாலான மாடல்களில் சத்தம் போகாது. போவது 1983-இல் வந்த மிடி என்ற செய்தி மட்டும்: எந்தக் கீ, எவ்வளவு வேகம், எப்போது விட்டது. சத்தத்தைக் கணினியில் உள்ள மென்பொருள்தான் உருவாக்க வேண்டும். ஐபேட் என்றால் கராஜ்பேண்ட் போதும். ஸ்வரக்குறிப்பு எழுத மியூஸ்ஸ்கோர் இலவசம். போனில் போட ஓடிஜி கன்வெர்ட்டர் வேண்டும்.

விண்டோஸில் கீயை அழுத்தி ஒரு கணம் கழித்துச் சத்தம் வந்தால் காரணம் பஃபர், அதாவது கணினி சத்தத்தை வெளியே விடும் முன் சேர்த்து வைக்கும் அளவு. தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ என்ற ஆடியோ டிரைவர் போட்டு, பஃபரை 128 சாம்பிளுக்குக் குறைத்தால் அந்தப் பகுதியின் தாமதம் 3 மில்லிநொடிக்குள் வந்துவிடும். 512-இல் கிட்டத்தட்ட 12. கொரகொரவென்று கேட்டால் 256-க்கு ஏற்றுங்கள்.

19. புளூடூத் ஹெட்போன்ல வாசிக்கலாம்ல?

கூடாது. சாதாரண புளூடூத் ஹெட்போனில் தாமதம் 100 மில்லிநொடிக்கு மேல். பாட்டு கேட்கத் தெரியாது, வாசிக்கத் தெரியும். விரலுக்கும் காதுக்கும் நடுவே அந்த இடைவெளி இருந்தால் தாளமே போய்விடும். பஃபரைக் குறைத்தும் இதைச் சரிசெய்ய முடியாது. ஒயர் ஹெட்போன்தான். பியானோவில் 'புளூடூத் ஆடியோ' என்று போட்டிருப்பது போனில் ஓடும் பாட்டைப் பியானோவின் ஸ்பீக்கரில் கேட்பதற்கு.

20. லேப்டாப்பையும் ஸ்பீக்கரையும் மாட்டினதும் 'ங்ங்'னு ஒரு ரீங்காரம்.

லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் அது கிரவுண்ட் லூப்: பியானோ, லேப்டாப், ஸ்பீக்கர் மூன்றும் ஒயர் வழியாகவும் பிளக்கின் எர்த் வழியாகவும் வட்டமாக இணைந்திருக்கின்றன. மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். போகவில்லை என்றால் பியானோவுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே, ஆடியோ ஒயரின் கிரவுண்ட் இணைப்பை மட்டும் விலக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் உள்ள டிஐ பாக்ஸ் என்ற சின்னப் பெட்டியைப் போடுங்கள். எர்த் பின்னை வெட்டுவது சிலர் சொல்லும் வைத்தியம். உயிருக்கு ஆபத்து, செய்யாதீர்கள்.

21. வீட்ல நல்லா வாசிக்கிறா, டீச்சர் வீட்டு பெரிய பியானோல உட்கார்ந்தா எதுவும் வரல.

எதிர்பார்க்க வேண்டியதுதான். கம்பிப் பியானோவில் வால்யூம் குமிழ் இல்லை, மெல்ல அழுத்தினால் சத்தமே வராமல் போகும். வீட்டில் டச் செட்டிங்கை 'மீடியம்'-லிருந்து 'ஹார்டு'க்கு மாற்றுங்கள். ஓங்கிய சத்தத்துக்கு விரல் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும். ரிவெர்பை (எதிரொலி சேர்க்கும் வசதி) அணையுங்கள், அது தப்பை மூடி மறைக்கும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்து வாரம் ஒரு முறையாவது கம்பிப் பியானோவில் வாசிக்க ஏற்பாடு செய்யுங்கள். இதற்குக் குறுக்குவழி இல்லை.

22. பழசா ஒண்ணு பாதி விலைக்கு வருது. எதைப் பார்த்து வாங்கணும்?

விற்பவர் வீட்டில் இதே வரிசையில் செய்யுங்கள். முதலில் ஹெட்போன் மாட்டுங்கள், இரண்டு காதிலும் வருகிறதா பார்க்க. 88 கீயையும் ஒவ்வொன்றாக மிக மெதுவாக அழுத்துங்கள், பிறகு ஓங்கி. அணைத்துவிட்டு மறுபடியும் தட்டுங்கள்: ஒன்றிரண்டு கீ மட்டும் பக்கத்துக் கீயைவிடக் கடகடவென்று கேட்டால் அதன் அடியில் உள்ள ஃபெல்ட் தேய்ந்திருக்கிறது. நடு இரண்டு ஸ்தாயியைக் கூர்ந்து கவனியுங்கள், உழைப்பு அங்கேதான். கண்ணைக் கீயின் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள், எதுவும் தாழ்ந்து நிற்கக் கூடாது. பெடல், யூஎஸ்பி, அசல் அடாப்டர் மூன்றையும் கேளுங்கள். மேடை நிகழ்ச்சிகளுக்குப் போய்வந்த கருவியைவிட, ஒரே வீட்டில் நின்ற கருவி நல்லது.

23. ஒரே ஒரு கீ மட்டும் திடீர்னு கத்துது. மெதுவா தொட்டாலும் ஃபுல் சத்தம். என்ன செய்யறது?

ஒவ்வொரு கீக்கு அடியிலும் ஒரு சிறு ரப்பர் குமிழ் இருக்கிறது. அதனுள் மேலும் கீழுமாக இரண்டு கரித்தொடுகைகள் (சில மாடலில் மூன்று). கீ இறங்கும்போது முதலாவது தொடும், அடுத்து இரண்டாவது. நடுவே ஆகும் நேரத்தை அளந்துதான் நீங்கள் மெல்ல அழுத்தினீர்களா ஓங்கியா என்று கருவி முடிவு செய்கிறது. தூசி படிந்து முதலாவது தாமதமாகத் தொட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் தொட்டதாகத் தெரியும். இடைவெளி பூஜ்யம், ஆகவே முழுச் சத்தம். முதலாவதோ இரண்டாவதோ தொடவே இல்லை என்றால் சத்தமே வராது. கேள்வி 22-இல் மெதுவாக அழுத்திப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

முதலில் அந்தக் கீயை முப்பது நாற்பது தடவை உறுதியாக அழுத்துங்கள்; லேசான தூசி என்றால் விலகிவிடும். வாரண்டி இருந்தால் அதோடு நிறுத்திக்கொண்டு சர்வீஸைக் கூப்பிடுங்கள். வாரண்டி முடிந்து, கையில் பழக்கமும் இருந்தால்: அடாப்டரைக் கழற்றி, கட்டிலில் போர்வை விரித்துக் கவிழ்த்து வையுங்கள். அடிப்பக்க ஸ்க்ரூக்கள் இருபதுக்கு மேல் இருக்கும், நீளம் வேறு வேறு. கழற்றும் முன் போட்டோ எடுத்து, கழற்றிய ஸ்க்ரூவை அதே அமைப்பில் அட்டையில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூ தவறான துளையில் ஏறினால் மேற்பக்கத்தைப் பிளந்துவிடும்.

தொடுகை ரப்பர் ஒரு கீக்கு ஒன்றாக இருக்காது, பல கீகளுக்குச் சேர்ந்த பட்டையாக இருக்கும். மெதுவாக உரித்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் ரப்பரின் கரிப்பொட்டையும் அதற்கு நேரே போர்டில் இருக்கும் கறுப்புக் கோடுகளையும் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்த்தால் கரியே வந்துவிடும். டபிள்யூடி-40 மாதிரி எண்ணெய் ஸ்ப்ரே கூடவே கூடாது. கீயின் அச்சுகளில் வெள்ளையாகத் தெரிவது கிரீஸ், அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிடாதீர்கள். பத்து நிமிடம் உலரவிட்டு, பட்டையின் காம்புகள் ஒவ்வொன்றும் துளையில் முழுதாக இறங்கியிருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். ஒரு காம்பு வெளியே நின்றாலும் பக்கத்துக் கீ கத்த ஆரம்பிக்கும். சுத்தம் செய்த பிறகும் அதே கீ கத்தினால் கரிப்பொட்டு தேய்ந்துவிட்டது. மாடல் எண்ணைச் சொல்லி அந்தப் பட்டையை மட்டும் சர்வீஸ் சென்டரில் வாங்கி மாற்றலாம்.